பழைய டெஸ்க்டாப்பில் எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதுமா?

சிடிஇ என்ற டெஸ்க்டாப் சூழலை இன்றைய கணினியில் நிறுவிப் பார்க்கிறவர்களின் கண்ணை முதலில் உறுத்துவது அதன் எழுத்துகள்தான். சன், எச்பி, ஐபிஎம் முதலிய நிறுவனங்கள் யூனிக்ஸ் பணிநிலையங்களுக்காக 1990களில் சேர்ந்து உருவாக்கிய சூழல் அது. 2012 ஆகஸ்டில் அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டதால் லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் இன்றும் ஓடுகிறது. பொத்தான்களும் கீழே உள்ள பலகையும் அன்றைக்கு இருந்தபடியே மிடுக்காக இருக்கின்றன. எழுத்துகளோ பொடிப்பொடியாக, விளிம்பெல்லாம் பிசிறோடு தெரிகின்றன. கணக்கு எளிது: 13 பிக்சல் உயரத்தில் வரையப்பட்ட எழுத்து, அங்குலத்துக்கு 75 புள்ளி கொண்ட அன்றைய திரையில் சுமார் 4.4 மில்லிமீட்டர் இருந்தது. 200 புள்ளி கொண்ட இன்றைய திரையில் அது 1.7 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது.

நல்ல எழுத்துரு ஒன்றைப் போட்டுவிடலாமே என்றுதான் உடனே தோன்றும். போடலாம். ஆனால் இந்த வேலையில் எழுத்துரு மாற்றம் கடைசிப் பகுதியில் வர வேண்டியது என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரிவது அதுதான் என்பதால் எல்லாரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். அப்புறம், ஆங்கிலம் மட்டும் வழவழப்பாகத் தெரியும் ஒரு டெஸ்க்டாப்போடு பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். ஏன் அப்படி ஆகிறது என்று புரிய, பழைய ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும்.

யூனிக்ஸ் திரையில் சன்னல்களை வரையும் அமைப்பான எக்ஸ், அதன் எக்ஸ்11 பதிப்பு 1987இல் வந்தபோது, எழுத்துரு சர்வரின் பொறுப்பில் இருந்தது. எக்ஸ் உலகில் சர்வர் என்றால் திரையும் விசைப்பலகையும் இருக்கும் பக்கம். நிரல் வேறெங்கோ ஒரு கணினியில் ஓடலாம். இந்த எழுத்துருவில், இந்த இடத்தில், இந்த எண்களை வரை என்று நிரல் வலை வழியாகச் சொல்லும். வடிவங்களைச் சர்வர் தன் கையிருப்பிலிருந்து எடுத்து வரையும். எழுத்தின் படத்தை அனுப்பத் தேவையில்லை, எண் போதும் என்பதால் மெதுவான வலைக்கு அது நல்ல ஏற்பாடுதான்.

நிரல் எழுத்துருவைக் கேட்கும் விதத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. எக்ஸ்எல்எஃப்டி என்ற முறையில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் சிறு கோடுகளால் பிரித்த 14 பகுதிகள் கொண்ட நீண்ட பெயர் உண்டு. தயாரித்தவர் அடோபி, குடும்பம் ஹெல்வெடிகா, தடிமன் நடுத்தரம், சாய்வு இல்லை, 12 பிக்சல், பாயிண்ட் என்ற அச்சு அளவின் பத்தில் ஒரு பங்குக் கணக்கில் 120, அங்குலத்துக்குப் புள்ளிகள் கிடைமட்டமாக 75, செங்குத்தாக 75 என்று போகும். கடைசி இரண்டு பகுதிகளைக் கவனியுங்கள்: ஐஎஸ்ஓ8859, அப்புறம் 1. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 குறியாக்கத்தின் பெயர் அது. அதாவது, எழுத்து எந்த வடிவத்தில் தெரிய வேண்டும் என்பதும், 224 என்ற எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பதும் ஒரே பெயருக்குள் கட்டப்பட்டுவிட்டன. எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் பொருளே மாறலாம்.

தமிழில் கணினியைப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை வேறு எழுத்துருவில் திறந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். லத்தீன் எழுத்துகளுக்கான எண்களில் தமிழ் வடிவங்களை ஒளித்துவைத்த எழுத்துருக்கள் அவை. எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பில் இருப்பது வெறும் ஆங்கிலக் குப்பை. டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கம் அதைவிட ஒழுங்கான முயற்சி. எக்ஸின் நிரல் நூலகத்துக்குள் அதன் பெயரில் ஒரு லொகேல் (மொழி, வட்டார அமைப்பு) விவரத் தொகுப்பு இடம்பெற்றது.

சிடிஇயை உருவாக்கியவர்கள் இதை யோசிக்கவே இல்லை என்று சொல்வது அநியாயம். ஜப்பானிய, கொரிய, சீன மொழிகளில் விற்க வேண்டியிருந்ததால் அவர்கள் நன்றாகவே யோசித்தார்கள். ஃபாண்ட்செட் என்றொரு வசதி எக்ஸில் வந்தது: லத்தீனுக்கு ஒரு எழுத்துரு, ஜப்பானியரின் கான்ஜி எழுத்துகளுக்கு இன்னொன்று, கதகானா எழுத்துகளுக்கு மற்றொன்று என்று பலவற்றைக் கோத்து ஒன்றாகக் காட்டும். நிரல்களில் உண்மையான எழுத்துருப் பெயரை எழுதாமல், இடைமுகத்துக்கென்று பொதுவான புனைபெயர்களை வைத்து, ஒவ்வொரு கணினியிலும் அவை எந்த எழுத்துருவைக் குறிக்கும் என்பதைத் தனிக் கோப்பில் எழுதும் வழக்கத்தையும் சிடிஇ கொண்டுவந்தது. அந்தக் காலத்துக்கு மிக முன்னேறிய சிந்தனை. ஆனால் எல்லாம் ஒரே அடித்தளத்தில் நின்றது: கணினியில் ஒரு நேரத்தில் ஒரு லொகேல், அந்த லொகேலுக்கு ஒரு குறியாக்கம். ஒரே வரியில் தமிழும் கிரேக்கமும் அரபியும் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தருவது ஒருங்குறி (யூனிகோடு). அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறையான யுடிஎஃப்-8 பிறந்தது 1992 செப்டம்பரில், கென் தாம்சன், ராப் பைக் கைகளில். லினக்ஸ் வெளியீடுகளில் ரெட் ஹாட் 8.0, 2002இல் அதையே இயல்பான குறியாக்கமாக வைத்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் எழுதப்பட்ட டெஸ்க்டாப் நிரல்கள்தான் இன்றைக்கு நாம் புதுப்பிக்க உட்காரும் நிரல்கள்.

சரி, சர்வர் எழுத்துருக்களையே ஒருங்குறிக்கு விரித்துவிட்டால் என்ன? விரித்தார்கள். பெயரின் கடைசியில் ஐஎஸ்ஓ10646-1 என்று முடியும் எழுத்துருக்கள் வந்தன. அதில் மூன்று முட்டுக்கட்டைகள். ஒன்று, பழைய நெறிமுறையில் எழுத்து எண்ணுக்கு 16 பிட் மட்டுமே இடம். 65,535க்கு மேல் எண் கொண்ட எந்த எழுத்தையும், எமோஜிகள் உட்பட, கேட்கவே முடியாது. இரண்டு, எழுத்துருவைத் திறக்கும்போது எழுத்து ஒன்றுக்கு 12 பைட் வீதம் அளவுகள் சர்வரிலிருந்து நிரலுக்கு வரும். முழு அட்டவணை என்றால் 7,86,432 பைட். 256 எழுத்துக்கு இது பொருட்டே இல்லை. ஒருங்குறிக்கு, ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு அளவுக்கும் கேட்கும்போது கனக்கிறது. மூன்றாவது, அந்த எழுத்துகளில் ஒரு புள்ளிக்கு ஒரு பிட்: கறுப்பு அல்லது வெள்ளை. சாம்பல் நிறத்தால் விளிம்பை மழுப்ப வழியில்லை.

2000ஆம் ஆண்டு வாக்கில் எக்ஸ் நிரலாளர் கீத் பேக்கார்ட் அதில் ரெண்டர் என்ற வரைகலை நீட்சியைக் கொண்டுவந்தபோது பொறுப்பு இடம்மாறியது. எழுத்துருக் கோப்பை நிரலே திறக்கும். ஃப்ரீடைப் நூலகம் வடிவத்தை வரையும். வரைந்த படத்தைச் சர்வருக்கு ஒருமுறை அனுப்பி வைத்துக்கொண்டால் அப்புறம் எண்ணால் குறிப்பிட்டுக்கொள்ளலாம். எக்ஸ்எஃப்டி என்ற நூலகம் இந்த வேலையைச் செய்கிறது. எந்த எழுத்துரு எங்கே இருக்கிறது, எதில் எந்த எழுத்துகள் உண்டு என்பதை ஃபாண்ட்கான்ஃபிக் பார்த்துக்கொள்கிறது. 14 பகுதிப் பெயர் போய், 'சான்ஸ், 11' என்று கேட்டால் போதும் என்றானது. முக்கியமான மாற்றம் அழகில் இல்லை. எழுத்துருவின் பெயரிலிருந்து குறியாக்கம் கழன்று விழுந்தது. அதுதான் பெரிய விஷயம்.

சிடிஇ நிற்பது மோட்டிஃப் என்ற இடைமுகக் கருவித்தொகுப்பின் மேல். மோட்டிஃப் 2.3 பதிப்பிலேயே எக்ஸ்எஃப்டி ஆதரவு வந்துவிட்டது. அமைப்புக் கோப்பில் எழுத்துரு வகை, பெயர், அளவு என மூன்று வரி சேர்த்தால், எழுத்துருவைத் தானாக முடிவுசெய்யாத நிரல்களில் பட்டியல்களும் பொத்தான்களும் வழவழப்பாகிவிடும். இந்த இடத்தில்தான் பலர் திரையைப் படம்பிடித்துப் பகிர்ந்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள்.

வேலை அங்கேதான் தொடங்குகிறது. முதலில் பக்க அமைப்பு. பழைய எழுத்துருவின் உயரம் 13 பிக்சல் என்று உறுதியாகத் தெரிந்ததால், பெட்டி உயரம், சின்னத்துக்குக் கீழே இடைவெளி எல்லாவற்றையும் எண்ணாகவே எழுதிவைத்த நிரல்கள் உண்டு. புதிய எழுத்துருவில் மேல் எடுப்பும் கீழ் இறக்கமும் அதிகம். பெட்டிக்குள் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்படும். இது எரிச்சல் தரும், ஆனால் கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாதது பைட்டுகளில் இருக்கிறது. 'த' என்ற எழுத்தின் ஒருங்குறி எண் 2980. யுடிஎஃப்-8இல் அது 224, 174, 164 என்று மூன்று பைட்டாகும். லத்தீன்-1 மட்டுமே அறிந்த நிரல் இதைப் படித்தால், தலையில் கோடு போட்ட சிறிய ஏ எழுத்து, வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகப் பதிவுக் குறி, நான்கு முனையுள்ள நாணயக் குறி என்று மூன்றாகக் காட்டும். தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. அதனால்தான் குலைந்துபோன தமிழ்ப் பக்கமெல்லாம் அந்த வட்ட ஆர் வரிசையாக நிற்கிறது. அதைப் பார்த்தால் தரவு கெடவில்லை, படிக்கிற நிரல்தான் தவறாகப் படிக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

தவறாகக் காட்டுவதைவிட மோசமானது, தவறாகக் கையாளுவது. சி மொழியில் எழுத்தைக் குறிக்கும் அடிப்படை வகை, இன்டெல் கணினிகளில் பொதுவாகக் குறியுடைய எண். அதில் 224 என்பது மைனஸ் 32 ஆகிவிடும். எழுத்து வகைகளை ஒரு அட்டவணையில் வைத்து, அந்த எண்ணால் நேரே தேடும் நிரல், அட்டவணைக்கு முன்னால் உள்ள நினைவகத்தைப் படிக்கும். ஆங்கிலத்தில் இந்த வழு வாழ்நாள் முழுக்க வெளிப்படாது. ஆம் என்ற சொல்லைத் தட்டினால் நிரல் விழுந்துவிடலாம், விழாமல் தப்பான பதிலையும் சொல்லலாம். மூலநிரலில் இப்படிப்பட்ட இடங்களைத் தேடுவது அலுப்பான வேலை. ஆனால் இதைச் செய்யாமல் எழுத்துருவைத் தொடுவது வீண்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: கொக்கு. கண்ணுக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என்று ஆறு. பைட்டில் 18. பழைய நிரலுக்கு இந்த மூன்று கணக்கும் ஒன்றே: ஒரு பைட், ஒரு எழுத்து, திரையில் ஒரு கட்டம். நீளமான கோப்புப் பெயரைச் சின்னத்துக்குக் கீழே 16 பைட்டில் வெட்டி மூன்று புள்ளி போடும் கோப்பு மேலாளர், கொக்குவை ஐந்து எண்ணும் ஒரு உடைந்த பைட்டுமாக வெட்டும். உடைந்த மிச்சத்தை அடுத்து வாங்கும் நூலகம் செல்லாத சரம் என்று முழுப் பெயரையும் நிராகரித்தால், சின்னத்துக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. பின்னழி விசையும் இப்படித்தான்: ஒரு பைட்டை மட்டும் அழித்துவிட்டு, மிச்ச இரண்டைக் கோப்பில் விட்டுவிடும்.

கோப்புப் பெயர் என்றதும் இன்னொன்று. லினக்ஸ் கருவுக்குக் கோப்புப் பெயர் வெறும் பைட் வரிசை; அதன் குறியாக்கம் என்ன என்று அது எங்கும் குறித்துவைப்பதில்லை. எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகளில் வரம்பு 255 பைட். தமிழில் அது 85 ஒருங்குறி எண்கள். உயிர்மெய் மிகுந்த பெயர் என்றால் கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஐம்பதைத் தாண்டுவதே கஷ்டம். 255 எழுத்து தட்ட இடம்விடும் பெட்டி, சேமிக்கும்போது பிழை காட்டும்.

பழைய அமைப்புக் கோப்புகளும் முகவரிப் பட்டியல்களும் குறிப்புகளும் லத்தீன்-1இல் கிடக்கும். அவற்றை ஒருமுறை மாற்ற வேண்டும், ஒருமுறை மட்டும். ஏற்கெனவே யுடிஎஃப்-8இல் இருப்பதை லத்தீன்-1 என்று நினைத்து மறுபடி மாற்றினால் 127க்கு மேற்பட்ட ஒவ்வொரு பைட்டும் இரண்டாகும். மூன்று பைட் தமிழ் எழுத்து ஆறாகிவிடும். நல்ல வேளையாக யுடிஎஃப்-8இன் அமைப்பு கறாரானது. மேலைநாட்டு மொழிகளின் லத்தீன்-1 உரை தற்செயலாகச் செல்லுபடியாகும் யுடிஎஃப்-8 ஆக அமைவது அபூர்வம். எனவே முதலில் செல்லுமா என்று சோதி, செல்லாவிட்டால் மட்டும் மாற்று என்ற ஒரு விதி பெரும்பாலான விபத்துகளைத் தடுத்துவிடும்.

நிரலுக்கு நிரல் உரை பயணிக்கும் இடங்களும் உண்டு. ஒரு சன்னலில் நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டும்போது, எந்த வடிவத்தில் தரட்டும் என்று இரண்டு நிரல்களும் எக்ஸ் வழியாகப் பேசிக்கொள்கின்றன. பழைய வடிவங்களில் ஒன்று லத்தீன்-1 மட்டும் ஏற்கும். மற்றது, குறியாக்கங்களுக்கு இடையே தாவும் சைகைகளை உரைக்குள் செருகும் காம்பவுண்ட் டெக்ஸ்ட். அது முதலில் ஏற்றுக்கொண்ட குறியாக்கப் பட்டியலில் ஐரோப்பிய, ஜப்பானிய, சீன, கொரியத் தொகுப்புகள் இருந்தன, தமிழ் இல்லை. யுடிஎஃப்-8க்கென்று தனி வடிவம் வந்த பிறகுதான் தமிழ் உரை சிக்கலில்லாமல் பயணித்தது. சன்னல் தலைப்பிலும் இதே கதை: பழைய பண்பு ஒன்று, யுடிஎஃப்-8க்கான புதிய பண்பு ஒன்று. பழைய சன்னல் மேலாளர் பழையதை மட்டும் படிப்பதால், புதிய உலாவி என்னதான் ஒழுங்காக எழுதினாலும் தலைப்பில் கேள்விக்குறிகள் வரும். இதைத் திருத்துவது சிறிய வேலை, பலன் பெரிது. உரை பயணிக்கும் இடங்களில் நான் முதலில் கைவைக்கச் சொல்வது இதில்தான்.

பைட்டுகள் ஒழுங்காகிவிட்டன, எக்ஸ்எஃப்டியும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 'கொ' எப்படித் தெரியும்? க முதலில் நிற்கும்; அதற்குப் பின்னால் கொம்பும் காலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். 'கு' என்பதில் க தனியாக, உகரக் குறி தனியாக. எக்ஸ்எஃப்டி ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய வடிவத்தை வரிசையாக வைக்கும், அவ்வளவுதான். கொம்பை முன்னால் நகர்த்துவது, இரண்டு எண்ணுக்குச் சேர்த்து ஒரு வடிவம் எடுப்பது போன்ற கோக்கும் வேலைகளுக்கான விதிகள் ஓப்பன்டைப் எழுத்துருக் கோப்புக்குள்ளேயே இருந்தாலும், அவற்றை இயக்குவது வேறொரு நூலகம். இன்று அந்த இடத்தில் இருப்பது ஹார்ஃப்பஸ். மோட்டிஃப் போன்ற இன்றைய கருவித்தொகுப்புகளில் ஜிடிகே கொண்டு எழுதிய நிரல்கள் பாங்கோ என்ற உரை நூலகத்தின் வழியாகவும், க்யூட்டி கொண்டு எழுதியவை தம் உள்ளமைப்பின் வழியாகவும் அதைப் பயன்படுத்துகின்றன. மோட்டிஃபுக்கு அப்படி யாரும் இல்லை. எழுத்துருவில் இல்லாத எழுத்துக்கு வேறு எழுத்துருவைத் தேடிப் போவதையும் எக்ஸ்எஃப்டி தானாகச் செய்யாது. கட்டம் போட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

பொத்தானிலும் பட்டியலிலும் ஹார்ஃப்பஸைக் கொண்டுவருவது பெரிய மலை இல்லை. வரைகிற செயற்கூறும் அளக்கிற செயற்கூறும் ஒரே இடத்தில் இருப்பதால் அங்கே மாற்றினால் போதும். தட்டச்சுப் பெட்டிதான் மலை. அங்கே சுட்டி (கர்சர்) எந்த எழுத்துக்கும் எந்த எழுத்துக்கும் நடுவில் நிற்கிறது, சுட்டெலியால் தொட்ட இடம் எத்தனையாவது பைட், தேர்ந்தெடுத்த பகுதி எங்கே தொடங்குகிறது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் பழைய நிரல் எழுத்துகளின் அகலத்தைக் கூட்டிப் பதில் கண்டுபிடித்தது. கொம்பு முன்னால் போனதும் அந்தக் கூட்டல் செல்லாது. 'கொ'வின் நடுவே சுட்டி நிற்கவே கூடாது. இந்தப் பெட்டியைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிதாக எழுதுவது மேல் என்று தோன்றும் தருணம் வரும். அந்த எண்ணம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நூலகம் மாறினாலே எல்லாம் சரியாகும் என்றும் நம்ப வேண்டாம். எக்ஸ்எஃப்டியிலேயே நெடுங்காலம் ஒரு குழி இருந்தது: வண்ண எமோஜி எழுத்துரு ஒன்று கணினியில் இருந்து, சன்னல் தலைப்பில் எமோஜி வந்தால், அதை வரைய முயன்ற சிறிய சன்னல் மேலாளர்களும் முனையங்களும் எக்ஸ் பிழையோடு விழுந்துவிடும். ஒரு பக்கத்தின் தலைப்பில் இருந்த சிரிப்புமுகம் ஒட்டுமொத்த அமர்வையும் மூடிவிடும். 2022இல் வந்த பதிப்பில்தான் வண்ண வடிவங்களுக்கு ஒழுங்கான ஆதரவு சேர்ந்தது.

இதற்கு நடுவே, பழைய புள்ளி எழுத்துருக்களே பிடிக்கும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. குறைந்த அடர்த்தித் திரையில், நிரல் எழுதும்போது, கையால் புள்ளி புள்ளியாகச் செதுக்கிய எழுத்தின் தெளிவு மழுப்பிய விளிம்பில் கிடைக்காது. 2019இல் பாங்கோ 1.44 பதிப்பு பழைய புள்ளி எழுத்துரு வடிவங்களுக்கான ஆதரவைக் கைவிட்டபோது பலர் கோபப்பட்டது நியாயம்தான். புள்ளி வடிவங்களை ஓப்பன்டைப் உறைக்குள் வைத்துக் கொடுத்தால் புதிய நூலகங்களும் அவற்றை ஏற்கின்றன. பழைய தோற்றம் வேண்டும் என்பதற்காகப் பழைய குறியாக்கத்தையும் கட்டி அழத் தேவையில்லை.

எனவே வரிசை இப்படி இருப்பது நல்லது: உள்ளே எல்லாம் யுடிஎஃப்-8, வெளியே பழைய நிரல்களோடு பேசும் எல்லையில் மட்டும் மாற்றம், அப்புறம் நகலும் தலைப்பும், அப்புறம் எக்ஸ்எஃப்டி, கடைசியாக ஹார்ஃப்பஸ். எதுவரை வந்திருக்கிறோம் என்று பார்க்க ஒரு கோப்புக்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்து, பின்னால் ஒரு எமோஜியும் சேர்த்துவிடுங்கள். கோப்பு மேலாளரில் வட்ட ஆர் தெரிந்தால் கோளாறு பைட் மட்டத்தில். கட்டம் தெரிந்தால் எழுத்துருத் தேடலில். கொம்பு பின்னால் நின்றால் ஹார்ஃப்பஸ் இல்லை. பெயரை நகலெடுத்துப் புதிய நிரல் ஒன்றில் ஒட்டும்போது கேள்விக்குறியானால் எல்லையில். இத்தனையும் தாண்டிவிட்டால், பெயர் மாற்றும் பெட்டியில் அம்பு விசையை அழுத்திப் பாருங்கள்: சுட்டி இடப்பக்கமிருந்து மூன்று அழுத்தலில் கொக்குவைக் கடந்தால் தட்டச்சுப் பெட்டியும் தயார், ஆறு அழுத்தல் கேட்டால் அது இன்னும் ஒருங்குறி எண்களையும், 18 கேட்டால் பைட்டுகளையுமே எண்ணிக்கொண்டிருக்கிறது.